படிவத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று எழுதிவிடலாமா, டாக்டர்?

பெயர், ஊர் எதுவும் வேண்டாம் என்ற வேண்டுகோளோடு ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம் இது.

அவருக்கு வயது 47, கணவருக்கு 52, மகளுக்கு 13. வருடக்கணக்கில் தள்ளிப்போய்க்கொண்டே இருந்த தீவுச் சுற்றுலா இன்னும் ஆறு வாரத்தில் கைகூடப்போகிறது. ஐந்து நாள் பயணம். ஸ்கூபா டைவிங்குக்காகவே அந்த வெப்பமண்டலத் தீவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மூவரில் ஒருவரும் இதற்குமுன் கடலுக்கடியில் போனதில்லை. வாசகிக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்திருக்கிறது. "காலேஜோடு போயிடுச்சு" என்கிறார். ஆனால் ஏழு மாதத்துக்கு முன்பு சளி பிடித்தபோது மாடிப்படி ஏற முடியாத அளவுக்கு நெஞ்சு இறுகி, நாலைந்து நாள் இன்ஹேலர் எடுத்திருக்கிறார். இரண்டு வருடமாக ரத்த அழுத்தத்துக்கு அட்டெனோலால் சாப்பிடுகிறார். நீச்சல் அரைகுறை. மகளுக்கு அடிக்கடி மூக்கடைப்பு; விமானம் இறங்கும்போதெல்லாம் காதுவலி என்று அழுவாள். கணவருக்கு எந்த நோயும் இல்லையாம், மாத்திரையும் இல்லையாம். தினம் ஐந்தாறு சிகரெட் மட்டும். மாமனார் 48 வயதில் மாரடைப்பில் போய்விட்டதால் கணவர்தான் இளம் வயதிலேயே குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர் என்று வேறொரு இடத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறார்.

பயண ஏற்பாட்டாளர் மருத்துவப் படிவம் ஒன்றை அனுப்பி, "எல்லாத்துக்கும் 'இல்லை'ன்னு டிக் பண்ணிடுங்க மேடம். ஒண்ணுக்கு 'ஆமா'ன்னு போட்டாலும் டாக்டர் கையெழுத்து கேப்பாங்க, வீணா அலையணும்" என்றிருக்கிறார். கணவர், "12 மீட்டர்தானே, கையைப் பிடிச்சே கூட்டிட்டுப் போவாங்க. முதுகுலயே ஆக்ஸிஜன் சிலிண்டர் இருக்கு. வீசிங் வந்தாக்கூட அதுவே மருந்து" என்கிறார். கடைசி நாள் காலையில் இரண்டு டைவ், அன்று மாலையே விமானம்.

வாசகியின் கேள்விகள்: நான் இறங்கலாமா? இறங்குவதற்கு முன் இன்ஹேலர் ஒரு பஃப் இழுத்துக்கொண்டால் போதுமா? மகளை அனுப்பலாமா? படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு எதையும் கேட்க முடியாதா? கடைசியில் ஒரு வரி: "நான் மட்டும் கரையில் உட்கார்ந்தால் எல்லாருடைய சந்தோஷமும் கெட்டுவிடும் டாக்டர்."

அன்புச் சகோதரிக்கு,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இன்றைய நிலையில் நீங்கள் இறங்கக் கூடாது. ஆறு வாரம் இருப்பதால் இந்தப் பதில் மாற வழி இருக்கிறது. மாறும் என்று உறுதி தர என்னால் முடியாது. மகள் விஷயத்தில் தடை சொல்ல மாட்டேன், ஆனால் காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்த பிறகு. படிவத்தில் ஒரு கேள்விக்குக்கூடப் பொய் எழுதாதீர்கள். இன்னொன்று. உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தவர் நீங்களில்லை, உங்கள் கணவர். அவரிடம் பிறகு வருகிறேன்.

அந்தப் படிவம் என்ன கேட்கிறது

நீங்கள் இணைத்திருந்த படிவம் 2020-இல் திருத்தப்பட்டு, உலகின் பெரும்பாலான டைவிங் பயிற்சி அமைப்புகள் இப்போது பயன்படுத்துவது. முதல் பக்கத்தில் பத்தே கேள்விகள். சிலவற்றுக்கு 'ஆம்' என்றால் அடுத்த பக்கத்தில் அதற்கான துணைக்கேள்விகளுக்குப் போக வேண்டும். அங்கேயும் 'ஆம்' வந்தால்தான் மருத்துவர் கையெழுத்து. ஆகவே ஒரு 'ஆம்' உங்கள் பயணத்தை ரத்துசெய்துவிடாது. மருத்துவர் பார்த்து, தகுதி உண்டு என்றால் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கத்தான் அந்தப் பக்கமே இருக்கிறது.

வீசிங் பற்றிய துணைக்கேள்வி உங்கள் பள்ளிப் பருவத்தைக் கிளறவில்லை. கடந்த 12 மாதத்துக்குள் உடலுழைப்பைக் கட்டுப்படுத்தும் அளவுக்கு ஆஸ்துமாவோ வீசிங்கோ வந்ததா என்றுதான் கேட்கிறது. மாடிப்படி ஏற முடியாமல் நெஞ்சு இறுகியது ஏழு மாதத்துக்கு முன்புதான். அதற்கு நேர்மையான பதில் 'ஆம்'.

'இல்லை' என்று எழுதினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பீர்கள். உங்களைத் தண்ணீருக்குள் அழைத்துப்போகும் பயிற்றுநர் மருத்துவர் இல்லை. உங்களைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்தத் தாள் மட்டும்தான். எவ்வளவு ஆழம் போவது, எவ்வளவு அருகில் நிற்பது, நீங்கள் இருமினால் அதைச் சாதாரண இருமலாக எடுத்துக்கொள்வதா, உடனே மேலே கொண்டுவருவதா என்று எல்லாவற்றையும் அதை வைத்துத்தான் அவர் முடிவு செய்கிறார். பொய்யான தாள் அவருடைய கண்ணைக் கட்டிவிடுகிறது. அலைச்சல் மிச்சம் என்று ஏற்பாட்டாளர் சொன்னது அவருக்குத்தான் மிச்சம். உங்களோடு தண்ணீருக்குள் வரப்போவது அவர் இல்லை.

"12 மீட்டர்தானே"

ஆழம் குறைவென்றால் ஆபத்தும் குறைவு என்று நம்பாதவர்கள் குறைவு. நுரையீரலைப் பொறுத்தவரை அது தவறு. ஒவ்வொரு பத்து மீட்டர் கடல்நீருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். மேலே ஒன்று, பத்து மீட்டரில் இரண்டு, இருபதில் மூன்று, முப்பதில் நான்கு. முப்பது மீட்டரிலிருந்து இருபதுக்கு ஏறும்போது நெஞ்சுக்குள் இருக்கும் காற்று மூன்றில் ஒரு பங்கு விரியும். பத்து மீட்டரிலிருந்து நீர்மட்டத்துக்கு வரும்போதோ இரண்டு மடங்காகும். ஏற்ற இறக்கம் அதிகம் உள்ள இடமே மேல்தட்டுத் தண்ணீர்தான். முதல்முறை இறங்குபவர்கள் நேரம் முழுவதையும் கழிப்பதும் அங்கேதான்.

12 மீட்டர் ஆழத்தில் உங்கள் நுரையீரல் நாலரை லிட்டர் காற்றோடு நிறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே காற்று மேலே வரும்போது பத்து லிட்டருக்குப் பக்கமாக விரியும். இயல்பாக மூச்சுவிட்டுக்கொண்டே மெதுவாக ஏறினால் கூடுதல் காற்று தானாக வெளியேறிவிடும், ஒரு சிக்கலும் இல்லை. பயந்துபோய் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்ந்தால் நுரையீரல் கிழியும். கிழிந்த இடம் வழியாகக் காற்று ரத்தத்தில் புகுந்து மூளைக்குப் போய்விட்டால் சில நிமிடங்களில் பக்கவாதம், நினைவிழப்பு, மரணம். நுரையீரல் நிறையக் காற்றை அடைத்துக்கொண்டிருந்தால் ஒன்றேகால் மீட்டர் ஆழத்திலிருந்துகூட இது நேரலாம். நீச்சல் குளமும் விதிவிலக்கில்லை. ஸ்கூபாவில் முதலில் சொல்லித்தரும் பாடம் 'மூச்சை ஒருபோதும் பிடிக்காதே' என்பதாக இருப்பது இதனால்தான்.

வீசிங் உள்ளவர் மூச்சைப் பிடிக்காமலே இதே நிலைக்கு ஆளாகலாம். மூச்சுக்குழாயின் ஒரு சிறிய கிளை இறுகி, அங்கே சளியும் சேர்ந்து அடைத்துவிட்டால், அதற்கு அப்பால் இருக்கும் காற்றுக்கு வெளியேற வழியில்லை. நீங்கள் விதிப்படி மூச்சுவிட்டபடியே ஏறினாலும் அந்தப் பகுதி மட்டும் விரிந்துகொண்டே போகும். டைவிங்கில் மூச்சுக்குழாயைச் சீண்டும் காரணங்களுக்கும் பஞ்சமில்லை. சிலிண்டர் காற்று ஈரமே இல்லாத வறண்ட காற்று. வாய்க்கருவியில் கசியும் கடல்நீர், நுண்துளிகளாகக் காற்றோடு உள்ளே போகும். நீரோட்டத்தை எதிர்த்து உதைக்க வேண்டியிருக்கும். முதல்முறை என்பதால் படபடப்பும் சேர்ந்துகொள்ளும்.

ஆக, இறங்குமுன் ஒரு பஃப் இழுத்துக்கொள்ளலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். உங்களுக்கு இன்ஹேலர் தேவைப்படுகிறது என்றாலே மூச்சுக்குழாய் அன்று சரியாக இல்லை என்று அர்த்தம். பிரிட்டனில் டைவிங் மருத்துவர்கள் பின்பற்றும் விதிப்படி, மூச்சுத்திணறலுக்காக நிவாரண இன்ஹேலர் எடுத்து 48 மணி நேரம் ஆகாதவர் இறங்கக் கூடாது. ஆனால் தினசரி தடுப்பு இன்ஹேலரில் நோயைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்களை அதே விதி ஒதுக்கித் தள்ளுவதில்லை. ஆஸ்துமா என்ற பெயரைக் கேட்டாலே கதவைச் சாத்திய காலம் போய்விட்டது. இப்போது பார்ப்பது, நுரையீரல் செயல்பாடு இயல்பாக இருக்கிறதா, உடற்பயிற்சியாலோ குளிர்ந்த காற்றாலோ படபடப்பாலோ வீசிங் வருகிறதா என்பதை.

உங்களுக்குத் தேவையான சோதனை எளியது. நெஞ்சக மருத்துவரிடம் ஸ்பைரோமெட்ரி, அதாவது ஒரு கருவியில் ஊதவைத்து நுரையீரல் செயல்பாட்டை அளக்கும் சோதனை, செய்யுங்கள். பிறகு நன்றாக மூச்சிரைக்கும் அளவுக்கு ஓடவைத்து, சில நிமிட இடைவெளியில் மறுபடியும் ஊதச் சொல்வார். ஓடிய பிறகு அளவு குறிப்பிடும்படி இறங்கினால் இந்தப் பயணத்தில் டைவிங் கிடையாது. இறங்கவில்லை என்றால் பாதி வழி வந்துவிட்டோம். 'டைவிங் செய்ய ஆசைப்படுகிறேன், அதற்காகத்தான் வந்தேன்' என்பதை முதலிலேயே அவரிடம் சொல்லுங்கள். சாதாரண மூச்சுத்திணறலுக்குப் பார்க்கும் கண்ணும் இதற்குப் பார்க்கும் கண்ணும் வேறு.

கணவரின் ஆக்ஸிஜன் சிலிண்டர்

அதில் இருப்பது ஆக்ஸிஜன் இல்லை என்று அவரிடம் சொல்லுங்கள். நாம் சுவாசிக்கும் இதே காற்றை, 21 சதவீத ஆக்ஸிஜனும் மீதி பெரும்பாலும் நைட்ரஜனுமாக, வடிகட்டி உலர்த்தி சுமார் 200 பார் அழுத்தத்தில், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 200 மடங்கில், அடைத்திருக்கிறார்கள். தூய ஆக்ஸிஜனைச் சுவாசித்தபடி ஆறு மீட்டருக்குக் கீழே போனால் வலிப்பு வரும் அபாயம் இருக்கிறது. வீசிங் வந்தால் முதுகில் இருக்கும் சிலிண்டர் எந்த விதத்திலும் மருந்தாகாது. சுருங்கிய குழாய் வழியாக எதை அனுப்பினாலும் நுழைவது சிரமம்தான்.

உங்கள் ரத்த அழுத்த மாத்திரை

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அட்டெனோலால் பீட்டா பிளாக்கர் வகை. முக்கியமாக இதயத்தில் வேலை செய்யும் மருந்து என்றாலும் மூச்சுக்குழாயை முழுக்க விட்டுவைப்பதில்லை. வீசிங் வந்தவர்களுக்கு இந்த வகையைக் கூடியவரை தவிர்ப்போம். சளியின்போது உங்களுக்கு நெஞ்சு இறுகியதில் இந்த மாத்திரைக்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம். மாத்திரை எழுதிக்கொடுத்தவரிடம் பழைய வீசிங் பற்றிச் சொன்னீர்களா என்று கடிதத்தில் இல்லை. சொல்லாமல் விட்டிருந்தால் டைவிங் போனாலும் போகாவிட்டாலும் இப்போது சொல்லியாக வேண்டும்.

டைவிங் கோணத்தில் இன்னொரு சிக்கல். இந்த மாத்திரை இதயத்துடிப்பு ஒரு அளவுக்குமேல் ஏறாமல் பிடித்துவைக்கும். வீட்டிலும் ஆபீசிலும் அது தெரியாது. நீரோட்டத்தில் மாட்டி, படகை நோக்கிப் பலமாக உதைக்க வேண்டிய நேரத்தில் உடல் கேட்கும் வேகத்தை இதயம் கொடுக்காது.

தண்ணீருக்குள் இறங்கினாலே கைகால்களில் இருக்கும் ரத்தம் அரை லிட்டருக்கும் மேல் நெஞ்சுப் பக்கம் நகர்ந்துவிடும். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு, நடுத்தர வயதைக் கடந்தவர்களுக்கு, சிலசமயம் இதனால் நுரையீரலுக்குள் நீர் கோத்துக்கொள்ளும். கீழே இருக்கும்போதே காரணமில்லாமல் மூச்சு வாங்கும், இருமல் வரும், நெஞ்சில் களகள என்று சத்தம் கேட்கும், நுரை நுரையாகச் சளி வரும். அப்படி ஏதாவது தோன்றினால் உடனே தண்ணீரை விட்டு வெளியேறி ஆக்ஸிஜன் எடுக்க வேண்டும். 'பயத்தில்தான் மூச்சு வாங்குகிறது' என்று தள்ளிவிடக் கூடாது.

தயவுசெய்து மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அட்டெனோலாலைத் திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தமும் துடிப்பும் எகிறும், இதயத்துக்கே ஆபத்து. மாற்றுவதாக இருந்தால் மருத்துவர் படிப்படியாகக் குறைத்து, வேறு வகைக்கு மாற்றி, சில வாரம் அளந்து பார்க்க வேண்டும். டைவிங்கோடு ஒத்துப்போகும் ரத்த அழுத்த மருந்துகள் இருக்கின்றன. ஆறு வாரம் இதற்குப் போதுமா போதாதா என்பதை உங்கள் அளவுகள்தான் சொல்லும். போதவில்லை என்றால் அடுத்த பயணத்தில் இறங்குங்கள்.

உங்கள் கணவரைப் பற்றி

52 வயது, தினமும் சிகரெட், 48 வயதில் மாரடைப்பில் இறந்த அப்பா. இந்த மூன்றும் சேர்ந்தவரை 'எந்த நோயும் இல்லாதவர்' என்று நான் எழுதமாட்டேன். இதுவரை பரிசோதிக்கப்படாதவர் என்றுதான் எழுதுவேன்.

அந்தப் படிவம் 45 வயதுக்கு மேற்பட்டவரா என்று தனியாகக் கேட்கிறது. 'ஆம்' என்றால் நான்கு விஷயங்களை விசாரிக்கிறது: புகைபிடிப்பவரா, கொலஸ்ட்ரால் அதிகமா, ரத்த அழுத்தம் உண்டா, நெருங்கிய ரத்த உறவில் யாராவது 50 வயதுக்கு முன்பே திடீரென்றோ இதயநோயாலோ பக்கவாதத்தாலோ இறந்தார்களா. உங்கள் கணவருக்கு இரண்டு 'ஆம்' உறுதி. கொலஸ்ட்ராலும் ரத்த அழுத்தமும் பார்த்தாரா என்பதே தெரியவில்லை. டைவிங்கின்போது நேரும் மரணங்களில் பெரிய பங்கு இதயத்தால் வருவது. அதிலும் தன் இதயம் பழுதானது என்று அறியாத நடுத்தர வயதுக்காரர்கள் பலர். தரையில் ஒருவர் மயங்கி விழுந்தால் தூக்கிக்கொண்டு ஓட ஆள் வரும். தண்ணீருக்குள் மயங்கினால் வாயிலிருந்து கருவி நழுவிவிடும், அடுத்த மூச்சில் கடல்நீர்தான் உள்ளே போகும். கரையில் பிழைத்திருக்கக்கூடிய மாரடைப்பு அங்கே பிழைக்கவிடாது.

அவருக்கு ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், சர்க்கரை, ஈசிஜி, டிரெட்மில் சோதனை என்று பார்க்கச் சொல்லுங்கள். சோதனை நல்லபடி வந்தால் நிம்மதியாக இறங்கட்டும். ஏதாவது தெரிந்தால், அந்தத் தீவுக்குப் போக முடிவெடுத்ததே அவருக்கு ஆயுசைக் கொடுத்தது என்று நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீசிங்கைப் பற்றித்தான் வீட்டில் பேச்சே என்பதால் இவருடைய விஷயம் யார் கண்ணிலும் படாமல் போயிருக்கிறது.

மகளுக்கு

13 வயது தடையில்லை. முக்கியப் பயிற்சி அமைப்புகள் பத்து வயதிலிருந்தே அனுமதிக்கின்றன. காதுதான் கேள்வி. டைவிங்கில் அதிகம் நேரும் காயமே காதுக்குத்தான். விமானம் இறங்கும்போது வலிக்கிறது என்றால், மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் அவளுக்குச் சரியாகத் திறப்பதில்லை. விமானத்தில் அழுத்தம் மாற அரை மணி ஆகும். கடலில் அதைவிடப் பெரிய மாற்றம் ஒரு நிமிடத்தில் வந்துவிடும். செவிப்பறையில் ஓட்டை ஏதும் இல்லை, மூக்கில் அலர்ஜி கட்டுக்குள் இருக்கிறது என்று மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

பிறகு வீட்டிலேயே பழக்குங்கள். வாயை மூடி, மூக்கை விரலால் பிடித்து, மெல்ல ஊத வேண்டும். இரண்டு காதிலும் 'டப்' என்று சின்னச் சத்தம் கேட்கும். பலம் காட்டி ஊதக் கூடாது, உள்காதுகூடப் பழுதாகலாம். டைவிங் கண்ணாடி மூக்கையும் சேர்த்து மூடினாலும், அந்த இடம் மெல்லிய ரப்பரால் ஆனது என்பதால் வெளியிலிருந்தே பிடித்துக்கொள்ளலாம். இறங்கும்போது நீர்மட்டத்திலேயே ஒருமுறை, பிறகு ஒவ்வொரு மீட்டருக்கும் ஒருமுறையாவது, வலி வரும் முன்பே செய்ய வேண்டும். வலித்தால் கொஞ்சம் மேலே ஏறி மறுபடி முயல வேண்டும். அப்போதும் திறக்கவில்லை என்றால் அன்றைக்கு அவ்வளவுதான்.

பயண நாளில் சளி பிடித்திருந்தால் அவளைக் கடலில் இறக்காதீர்கள். மூக்கடைப்பு மாத்திரை கொடுத்து அனுப்பலாமே என்று யாராவது சொல்வார்கள். மருந்தின் வேலை கீழே இருக்கும்போதே முடிந்துவிட்டால் காதுக்குள் சிக்கிய காற்று ஏறும்போது வெளியேற முடியாமல் நிற்கும். இறங்க முடியாத வலியைவிட ஏற முடியாத வலி மோசம்.

கைச்சைகைகளையும் வீட்டிலேயே சொல்லிக்கொடுங்கள். கட்டைவிரலும் சுட்டுவிரலும் வளையமாகச் சேர்ந்தால் 'நன்றாக இருக்கிறேன்'. கட்டைவிரலை மட்டும் உயர்த்தினால் 'மேலே போக வேண்டும்'. சந்தோஷத்தில் கட்டைவிரலைத் தூக்கும் பழக்கம் எல்லாருக்கும் இருப்பதால் இதில் குழப்பம் வருவதுண்டு. கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டினால் 'ஏதோ சரியில்லை'. பிறகு காதைக் காட்டினால் பயிற்றுநருக்குப் புரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவளுக்கே ஆசை இருக்கிறதா என்று தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். அப்பாவுக்காகத் தலையாட்டும் பிள்ளையைக் கடலில் இறக்கக் கூடாது.

கடைசி நாள் திட்டத்தை இன்றே மாற்றுங்கள்

இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. அழுத்தத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் வழக்கத்தைவிட அதிகமாக ரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. மேலே வந்த பிறகு அது மெல்ல மெல்ல நுரையீரல் வழியாக வெளியேற வேண்டும். அவசரப்பட்டால் உடலுக்குள்ளேயே குமிழியாகும்; அதனால் வருவதுதான் டைவிங் நோய். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற விஞ்ஞானி படிப்படியாக ஏறும் அட்டவணைகளை 1908-இல் வெளியிட்டதே இந்தக் குமிழிகளைத் தவிர்க்கத்தான். விமானத்தின் உள்ளே அழுத்தம் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதைப் போலக் குறையலாம். காலையில் மூழ்கி மாலையில் பறந்தால், வெளியேறாமல் மிச்சமிருக்கும் நைட்ரஜன் குமிழியாக வாய்ப்புக் கொடுக்கிறோம்.

டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற அமைப்பு 2002-இல் கூட்டிய நிபுணர் கூட்டம் தந்த அளவு: ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒரு நாளில் பல டைவ் அல்லது பல நாள் டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம் பறக்கக் கூடாது. இவை குறைந்தபட்ச அளவுகள். நான் 24 மணி நேரம் விடச் சொல்வேன். கடைசி டைவை முந்தைய நாள் மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். அந்த இடைவெளியில் தீவின் மலையுச்சிக்குக் காரில் ஏறிப்போவதும் கூடாது. 600 மீட்டருக்கு மேல் போனால் இதே கணக்குத்தான்.

டைவ் முடிந்த 24 மணி நேரத்துக்குள் மூட்டுவலி, மரத்துப்போதல், தோலில் பளிங்குபோலத் திட்டுகள், தலைசுற்றல், கை கால் பலவீனம், சிறுநீர் போகாமை, காரணமில்லாத கடும் அசதி எது வந்தாலும் மருத்துவரிடம் போங்கள். 'டைவ் செய்தேன்' என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். படுக்கவைத்துத் தூய ஆக்ஸிஜன் கொடுப்பது முதலுதவி. அதற்கடுத்து அழுத்த அறை: 18 மீட்டர் ஆழத்துக்கு நிகரான அழுத்தத்தில் தொடங்கும் வழக்கமான சிகிச்சைக்கு ஐந்து மணி நேரம் போல ஆகும். மறுபடி தண்ணீருக்குள் இறங்கினால் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கையெழுத்தும் உங்கள் உரிமையும்

பொறுப்புத் துறப்புப் பத்திரம் எவ்வளவு தூரம் செல்லும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அதை வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். மருத்துவராக எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன்: மருத்துவப் படிவத்தில் உங்கள் கையால் எழுதிய பொய், பிறகு நீங்கள் கேட்கும் எந்த நியாயத்துக்கும் எதிராகவே நிற்கும். காப்பீட்டு நிறுவனம் முதலில் எடுத்துப் பார்ப்பதும் அதைத்தான். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பல ஸ்கூபாவை விலக்கியிருக்கும், அல்லது இன்ன ஆழம் வரை, தகுதிபெற்ற பயிற்றுநருடன் மட்டும் என்று நிபந்தனை போட்டிருக்கும். அழுத்த அறைச் சிகிச்சையும் தீவிலிருந்து கொண்டுபோகும் செலவும் அதில் அடங்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போட்ட பிறகும் உங்களிடம் மிஞ்சும் உரிமை ஒன்று உண்டு. எந்த டைவையும், எந்த நேரத்திலும், யாரும், காரணம் சொல்லாமலே நிறுத்தலாம். டைவிங் உலகம் முழுக்க மதிக்கும் விதி இது. படகில் உடை மாட்டிய பிறகும் வேண்டாம் என்று சொல்லலாம்.

ஏற்பாட்டாளரிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. படகில் அவசர ஆக்ஸிஜன் இருக்கிறதா, அதைக் கொடுக்கத் தெரிந்தவர் உடன் வருவாரா? மிக அருகிலுள்ள அழுத்த அறை எங்கே, போக எவ்வளவு நேரம்? ஒரு பயிற்றுநர் எத்தனை பேரை அழைத்துப்போவார்? முதல்முறை இறங்குபவர்கள் என்பதால் இருவருக்கு ஒருவர் என்று கேட்டு வாங்குங்கள். அமைதியான ஆழமற்ற தண்ணீரில் பழகிய பிறகுதான் கடலுக்கு அழைத்துப்போவார்களா? இவற்றுக்கு எரிச்சலோடு பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். தீவில் மலேரியா இருப்பதாகச் சொல்லி மாத்திரை எழுதினால், டைவிங் போவதைச் சொல்லி மெஃப்ளோகுயின் வேண்டாம் என்று கேளுங்கள். அதன் பக்கவிளைவுகளான தலைசுற்றலும் படபடப்பும் டைவிங் நோயைப் போலவே தோன்றிக் குழப்பும்.

நீங்கள் கரையில் இருந்தால்

அந்தக் கடைசி வரியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். பத்து மீட்டர் ஆழத்தில் உங்களுக்கு மூச்சுத் திணறினால் அதைப் பக்கத்திலிருந்து பார்க்கப்போவது உங்கள் மகள். ஐந்து நாளில் டைவிங் சில மணி நேரம்தான். அந்த நேரத்தில் நீங்கள் படகில் இருக்கலாம். அடிப்பகுதி கண்ணாடியாக உள்ள படகில் போய்ப் பவளப்பாறையை நனையாமலே பார்க்கலாம்.

நீர்மட்டத்தில் குப்புற மிதந்தபடி குழாய் வழியாக மூச்சுவிட்டுக் கடலைப் பார்க்கும் ஸ்நார்கெலிங் போகலாமே என்று தோன்றும். அது ஸ்கூபாவைவிட எளிது, ஆனால் ஆபத்தே இல்லாதது என்று நினைக்க வேண்டாம். இதயத்துக்கு அங்கேயும் வேலை உண்டு, உங்களுக்கு நீச்சலும் அரைகுறை. நெஞ்சக மருத்துவர் சரி என்ற பிறகு, மிதவை உடை அணிந்து, கால் தரையில் எட்டும் ஆழத்தில், வழிகாட்டியை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். இன்ஹேலர் படகிலேயே இருக்கட்டும். இந்த ஆறு வாரத்தில் நீச்சல் வகுப்பிலும் சேருங்கள். மருத்துவர் இறங்கலாம் என்று சொன்னாலும், தண்ணீர் முகத்தில் பட்டால் பதறாத பழக்கம் வந்திருக்க வேண்டும். பதற்றத்தில்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்வார்கள்.

இந்த வாரமே இரண்டு மருத்துவர்களிடம் நேரம் வாங்குங்கள்: உங்களுக்கு நெஞ்சக மருத்துவர், கணவருக்கு இதய மருத்துவர். இருவரும் ஒன்றாகவே போய் வாருங்கள். அட்டெனோலால் சீட்டையும் அந்தப் படிவத்தையும் மறக்காமல் எடுத்துப்போங்கள். சோதனை முடிவுகள் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.